எட்டாம் நம்பர் யாரைப் பார்க்கிறாள்?

விசில் அந்தத் தாளை மேஜையின் இந்தப் பக்கத்துக்குத் தள்ளினார். ‘முடிவெடுத்தல்’ என்ற கட்டத்தில் சிவப்பு மையில் ஓர் இரண்டு.

அவருக்குப் பெயரும் உண்டு, கால்பந்து கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் என்ற பதவியும் உண்டு. ஆனால் கூட்டம், சாப்பாட்டு மேஜை, ஒரு தடவை கல்யாண வரவேற்பு என்று போன இடமெல்லாம் கழுத்தில் விசிலோடு நிற்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? முகத்துக்கு நேரே சார். முதுகுக்குப் பின்னால் விசில்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணியின் பயிற்சியாளர். முதல் வருடத்தில் பெண்கள் ‘கோச் அக்கா’ என்று கூப்பிட்டார்கள். இரண்டாம் வருடத்தில் அது தேய்ந்து கோச்சக்கா ஆகி, இப்போது விசிலே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

“போன மதிப்பீட்டுல ரெண்டு. இந்தத் தடவையும் ரெண்டுன்னா, விதி என்ன சொல்லுது?”

விதி என்ன சொல்லுகிறது என்று கோச்சக்காவுக்குத் தெரியாதா? எழுதியதே அவள்தான். நான்கு மாதத்துக்கு ஒரு மதிப்பீடு. பந்தடக்கம், ஓட்டம், முடிவெடுத்தல், கூட ஆடுபவர்களிடம் நடந்துகொள்ளும் விதம் என்று நான்கு கட்டம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். ஒரே கட்டத்தில் இரண்டு முறை தொடர்ந்து மூன்றுக்குக் கீழே போனால் இரண்டாம் அணி. சீசன் ஆரம்பத்தில் எல்லாப் பெற்றோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கியாயிற்று. இரண்டாம் அணி என்பது வாரம் ஒரே ஒரு நாள் பயிற்சி, புல் இல்லாத சிமெண்டுத் தரை, வெளியூர் ஆட்டம் கிடையாது. அங்கே போனவர்களில் மூன்று வருடத்தில் திரும்பி வந்தவள் ஒருத்திதான்.

இப்போது கத்தி தொங்குவது எட்டாம் நம்பரின் தலைமேல். நடுக்களத்தில் ஆடும் ரெட்டைச்சடை. காலில் பந்தை ஒட்ட வைத்துக்கொண்டு பிறந்தவள் போல ஆடுவாள். எங்கே யாரிடம் கொடுக்க வேண்டுமோ அங்கே சரியாகக் கொடுப்பாள். ஒரே ஒரு கோளாறு. கொடுப்பதற்குள் எதிராளி வந்து நின்றுவிடுவாள்.

“அரை விநாடி லேட்டு. அவ்வளவுதானே சார்.”

“அரை விநாடியிலதாம்மா இந்த ஆட்டமே இருக்கு. இன்னும் ரெண்டு சனிக்கிழமை தர்றேன். அதுக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிச்சு மூணு போடுங்க. இல்லேன்னா நீங்க எழுதின விதிக்கு நீங்களே மரியாதை குடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கோச்சக்கா பழைய ஆட்டங்களை ஓட்டினாள். கோல்கீப்பரின் அம்மா உடை மாற்றும் அறையின் மாடியிலிருந்து எடுத்த வீடியோக்கள். பக்கத்தில் கணவர் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் பல் மருத்துவர். கால்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது உருண்டை என்பதும், சனிக்கிழமைகளில் மனைவி வீட்டில் இருக்க மாட்டாள் என்பதும்தான்.

மூன்றாவது சட்டையின் காலரைத் திருப்பும்போது அவர் சும்மா இருக்காமல் கேட்டார்.

“அந்த ரெட்டைச்சடை யாரைப் பார்க்குது?”

“யாரை?”

“பந்து வந்ததும் தலையைத் திருப்பி யாரையோ பார்க்குது. பல்லைப் பிடுங்கலாமா வேணாமான்னு கேட்டா, நம்ம கிளினிக்குல சிலதுங்க அப்படித்தான் அம்மாவைத் திரும்பிப் பார்க்கும்.”

கோச்சக்கா வீடியோவைப் பின்னுக்கு இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பிறகு ஒரு தாளை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள். முப்பத்தோரு தடவை பந்து அவளிடம் வந்திருக்கிறது. இருபத்தாறு தடவை தலை திரும்பியிருக்கிறது, எல்லாம் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மூலைப் பக்கம். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. எதிராளியின் கோல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. அவள் தலை மட்டும் அதே தொட்டியைத் தேடிப் போயிற்று. ஆக, அவள் பார்த்தது ஆட்டத்தை அல்ல.

வெளியூர் ஆட்டத்தின் வீடியோவைப் போட்டாள். அங்கே தொட்டி இல்லை. அங்கே தலை திரும்பியது ஒரு விளக்குக் கம்பத்தை நோக்கி.

தொட்டி நடக்காது. கம்பமும் நடக்காது. நடப்பது மனிதர்கள்தான்.

அடுத்த சனிக்கிழமை, ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும், பெஞ்சைத் துணைப் பயிற்சியாளரிடம் ஒப்படைத்துவிட்டுக் கோச்சக்கா மைதானத்தைச் சுற்றிக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். பெற்றோர்கள் கயிற்றுக்கு வெளியே வரிசையாக நின்றிருந்தார்கள். வரிசையின் கடைசியில், தனியாக, ரெட்டைச்சடையின் அப்பா.

சந்தேகப்படவே தோன்றாத ஆள். ‘வெளியிலிருந்து கத்தக் கூடாது, உத்தரவு போடக் கூடாது’ என்ற விதியில் கையெழுத்துப் போட்ட முப்பத்திரண்டு பெற்றோரில் அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியவர் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் தொண்டை வறளக் கத்திவிட்டு அப்புறம் மன்னிப்புக் கேட்பார்கள். இவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கோச்சக்காவே ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறாள்.

பந்து ரெட்டைச்சடையிடம் வந்தது. அவள் தலை திரும்பியது. அப்பாவின் வலது கை, தொடையோடு ஒட்டியபடியே, இரண்டு விரலை வெளிப்பக்கமாக ஆட்டியது. அவள் வலப்பக்கம் கொடுத்தாள். அடுத்த பந்து. அப்பாவின் முஷ்டி மூடியது. அவள் பந்தை நிறுத்தி வைத்துக்கொண்டாள். எதிராளி வந்து பிடுங்கிக்கொண்டு போனாள்.

இடைவேளையில் கோச்சக்கா அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்று, ரொம்ப நாளாக இது நடக்கிறதா என்று கேட்டாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

“நான் ஒரு வார்த்தை பேசினதில்லையே மேடம்.”

“கை பேசுதே சார்.”

அதற்குப் பிறகு அவர் மறைக்கவில்லை. அடுக்குமாடிக் கட்டட வேலையில் கிரேனுக்குச் சைகை காட்டுபவர் அவர். கிரேன் ஓட்டுபவன் முப்பது மாடி உயரத்தில் உட்கார்ந்திருப்பான், கீழே என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, இவர் விரலைப் பார்த்துத்தான் இரண்டு டன் கம்பியை இறக்குவான். பதினெட்டு வருடத்தில் ஒரு ஆள் மேல் ஒரு கம்பி விழுந்ததில்லை. மகள் முதன்முதலாகப் பெரிய மைதானத்தில் இறங்கியபோது மிரண்டு போய் நின்றாளாம். அப்போது காட்ட ஆரம்பித்தது.

“நான் வெளிய நின்னு பார்க்கிறேன், எனக்கு எல்லாம் தெரியுது. அவளுக்கு உள்ள நின்னா தெரியாதில்ல? தப்பா மேடம்?”

“நீங்க காட்டுறது எதுவும் தப்பில்ல. அவ உங்களைப் பார்க்கிறாளே, அந்த நேரம்தான் போகுது. அந்த நேரத்துக்குத்தான் ரெண்டு மார்க்கு.”

அவர் பாக்கெட்டிலிருந்து கைகளை எடுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். இடம் போய்விடுமா என்று கேட்டார். இப்படியே போனால் போய்விடும், அடுத்த சனிக்கிழமைதான் கடைசி என்று கோச்சக்கா ஒளிக்காமல் சொன்னாள். அடுத்த வாரம் ஆட்டம் முடியும்வரை கார் நிறுத்துமிடத்தில் இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். மகளிடம் வீட்டில் தானே பேசுவதாகவும் சொன்னார்.

கேஸ் முடிந்தது என்றுதான் கோச்சக்கா நினைத்தாள்.

கடைசி சனிக்கிழமை. தொட்டி மூலையில் யாருமில்லை. முதல் பத்து நிமிடம் ரெட்டைச்சடை திருவிழாக் கூட்டத்தில் கைவிடப்பட்ட பிள்ளை மாதிரி திரிந்தாள். பந்து வந்தால் மூலையைப் பார்ப்பாள், வெறும் தொட்டியைப் பார்ப்பாள், பந்தைப் பறிகொடுப்பாள். விசில் எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் நோட்டை விரித்திருந்தார்.

பதினோராவது நிமிடத்தில் அவள் பெஞ்சைப் பார்த்தாள்.

“ரைட்டு” என்றாள் கோச்சக்கா, தன்னையறியாமல். பந்து வலப்பக்கம் போயிற்று, அளந்து வைத்த மாதிரி. அடுத்த பந்துக்கும் பெஞ்சைப் பார்த்தாள். “திரும்பு.” திரும்பினாள். “இப்போ நேரா.” நேரே போன பந்து முன்வரிசைக்காரியின் காலில் விழுந்து, அங்கிருந்து வலைக்குள் போயிற்று. இடைவேளையில் ஒன்று பூஜ்யம். கோச்சக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்தது, மனசு நிறைந்திருந்தது.

தண்ணீர் பாட்டில்கள் கைமாறிக்கொண்டிருந்தபோது கோல்கீப்பர் சொன்னாள். உயரமான பெண், வாய் அதைவிட நீளம்.

“ரெட்டைச்சடையோட ரிமோட் அப்பாகிட்ட இருந்து இப்ப நம்ம கோச்சக்கா கைக்கு வந்துடுச்சுடி. பேட்டரி மட்டும் பார்த்துக்கோங்க கோச்சக்கா.”

எல்லோரும் சிரித்தார்கள். ரெட்டைச்சடையும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

கோச்சக்கா சிரிக்கவில்லை. மூன்று வருடமாக இந்த பெஞ்சிலிருந்து தான் கத்தியதை எல்லாம் யோசித்தாள். பெற்றோர் கத்தக் கூடாது என்று எழுதினாளே தவிர, பயிற்சியாளர் கத்தக் கூடாது என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. அப்பாவைக் கார் பக்கம் அனுப்பிவிட்டு, அவர் வேலையை இவள் வாங்கிக்கொண்டிருக்கிறாள். இதற்கு மூன்று மதிப்பெண் போட்டால் அது யாருக்குப் போட்ட மூன்று?

ரெட்டைச்சடையை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள்.

“ரெண்டாவது பாதியில நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ பார்த்தாலும் சொல்ல மாட்டேன்.”

“அப்போ நான் என்ன பண்ணட்டும்?”

“அதையும் சொல்ல மாட்டேன்.”

இரண்டாம் பாதி தொடங்கி ஐந்தாவது நிமிடம். ரெட்டைச்சடையிடம் பந்து வந்தது, அவள் பெஞ்சைப் பார்த்தாள். கோச்சக்கா குனிந்து தரையைப் பார்த்தாள். அங்கே ஓர் எறும்பு எதையோ இழுத்துக்கொண்டு போயிற்று. நிமிர்ந்தபோது பந்து எதிராளியிடம் இருந்தது. அடுத்த மூச்சில் கோல். ஒன்றுக்கு ஒன்று. கால் மணி நேரம் கழித்து அதேபோல இன்னொன்று. துணைப் பயிற்சியாளர், அவளை வெளியே எடுத்துவிடலாமா என்று இரண்டு தடவை கேட்டார். கோச்சக்கா வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் அடுத்து என்ன வரும் என்று அவளுக்கே நம்பிக்கையில்லை. சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஏதோ நடந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ரெட்டைச்சடை பார்ப்பதை நிறுத்தினாள். பந்து வந்தது, போயிற்று. வந்தது, போயிற்று. ஒன்று யாருமே இல்லாத இடத்துக்குப் போய் வெளியே விழுந்தது. ஒன்று எதிராளியின் முழங்காலில் பட்டது. ஒன்று, இருபது கெஜம் தாண்டி, இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தவளின் காலுக்கு முன்னால் போய் விழுந்தது. அந்தப் பெண் ஓடுவதைக் கோச்சக்காவே அப்போதுதான் கவனித்தாள். கோல் விழவில்லை. ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று தோல்வியில் முடிந்தது.

திங்கட்கிழமை மாலை. படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் விசிலின் அறை. கோச்சக்கா தாளைக் கொடுத்தாள். முடிவெடுத்தல்: மூன்று.

“ரெண்டு கோலும் அவளால வாங்கினது. அதுக்கு மூணா?”

அவள் தன் எண்ணிக்கையைப் படித்துக் காட்டினாள். முதல் பாதியில் பந்து வந்தது பதினேழு தடவை, வெளியே பார்த்தது பதினாறு. கடைசிக் கால் மணி நேரத்தில் வந்தது ஒன்பது, பார்த்தது ஒன்றுமில்லை. ஒன்பதில் நான்கு தப்பு. நான்கும் அவளுடைய சொந்தத் தப்பு, யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. போன மதிப்பீட்டில் சரியாகப் போன பந்துகூட அவளுடையதில்லை.

“முதல் பாதி கோலு?”

“அது என்னோடது சார். அவ கணக்குல சேர்க்கல.”

விசில் கழுத்து விசிலை விரலில் சுற்றினார். பிறகு விதிகள் இருந்த கோப்பை எடுத்து, ‘வெளியிலிருந்து கத்தக் கூடாது’ என்ற வரியில் ‘பெற்றோர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘பயிற்சியாளர்’ என்று சேர்த்து எழுதி, அவளையே கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் போட்ட பிறகுதான் மதிப்பீட்டுத் தாளில் அவர் போட்டார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த அப்பாவையும் மகளையும் உள்ளே கூப்பிட்டார்கள். இடம் இருக்கிறது, நான்கு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று கோச்சக்கா சொன்னாள். அப்பாவின் மூச்சு அறை முழுக்கக் கேட்டது. ரெட்டைச்சடை தாளை வாங்கி நான்கு கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“எனக்கு நடுவுல வேணாம் கோச்சக்கா. பின்னாடி போடுங்க. டிஃபென்ஸ்ல.”

மூன்று பெரியவர்களும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள். நடுக்களம் அவளுக்கென்றே உள்ள இடம் என்று அப்பா ஆரம்பித்தார். விசில், இப்படி ஒரு பந்தடக்கத்தைப் பின்னால் வைத்து வீணாக்குவதா என்றார். கோச்சக்கா இருவரையும் முடிக்க விட்டாள்.

“ஏன்?”

“நடுவுல நின்னா நாலு பக்கமும் ஆளு. பின்னாடி நின்னா எல்லாரும் எனக்கு முன்னாடி இருக்காங்க. எனக்கே தெரியுது.”

“பின்னாடி ஏற்கெனவே நாலு பேர் நல்லா ஆடறாங்க. நீ அஞ்சாவது. ரெண்டு மாசம் பெஞ்சுலயே உட்கார வேண்டி வரலாம். நாலாவது மாசம் மார்க்கு அங்க ஆடினதுக்குத்தான். அப்பவும் ரெண்டு வாங்கினா நான் காப்பாத்த மாட்டேன்.”

“சரி.”

“வீட்டுல யோசிச்சிட்டு நாளைக்குச் சொல்றியா?”

“யோசிச்சிட்டேன்.”

கோச்சக்கா அணிப் பட்டியலை எடுத்தாள். நடுக்களத்தில் அவள் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பின்வரிசையில் நான்கு பேருக்குக் கீழே இடம் இல்லாததால் ஓரத்தில் சாய்வாக எழுதினாள்.

“அப்போ செவ்வாய்க்கிழமை கால் மணி நேரம் முன்னாடி வா. தலையால அடிக்கிறது உனக்குச் சுத்தமா வராது.”