பொட்டலத்தின் மேல் எழுதிய எலுமிச்சை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து. மொத்தம் ஐந்து சொற்கள். சொன்ன இடம் ஒரு காபி வறுக்கும் கூடம். அங்கே என் வேலை, பொட்டலத்தின் மேல் நான்கு வரி எழுதுவது.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘கிழக்கு ஆப்பிரிக்காவின் உயர்ந்த மலைச்சரிவில், பனி விலகும் வேளையில், செக்கச்செவேலென்று பழுத்த காபிப் பழங்களை ஒரு பெண்—’

அடித்துவிட்டேன். அந்த மலையை நான் பார்த்ததில்லை. அங்கே பனி விழுமா, பறிப்பது பெண்ணா ஆணா, எதுவும் தெரியாது. பொட்டலத்தில் இதையே எழுதியபோது வராத கூச்சம் இப்போது வருகிறது.

2

மூக்கக்கா. எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். காபியைச் சுவைத்துத் தரம் சொல்வது அவர் வேலை. கிண்ணங்களை வரிசையாக வைத்து, தூளின் மேல் வெந்நீர் ஊற்றி, திரளும் நுரையைக் கரண்டியால் விலக்கி, உள்ளே விழுந்துவிடுவாரோ என்று நாம் பயப்படும் அளவுக்குக் குனிந்து முகர்வார். பிறகு ஒரு கரண்டி உறிஞ்சுவார். அந்தச் சத்தம் வாசல் வரை கேட்கும்.

ஒரே மலைச்சரிவில் விளைந்து வேறெதுவும் கலக்காத அந்தக் காபியின் மாதிரி வந்த அன்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: முதலில் மல்லிகை, நடுவில் எலுமிச்சைத் தோல், விழுங்கிய பிறகு நாக்கில் கறுப்புத் தேநீரின் லேசான துவர்ப்பு.

(ஒன்றை இந்த அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைக்கிறேன். எனக்கு இந்த வாசனைகள் எதுவும் வந்ததில்லை. எல்லாக் காபியும் எனக்குக் காபிதான். நான்கு வருடம் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். எனக்கு நல்ல நாக்கு என்று அவரே முதலாளியிடம் சொல்லியிருந்தார்.)

3

மூன்று மாதம் கழித்து மூட்டைகள் வந்து இறங்கின. அதற்குள் பொட்டலங்கள் அச்சாகி அடுக்கப்பட்டிருந்தன. அக்கா முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். இது அந்தக் காபியே இல்லை, ஈரச் சாக்கு வாசம்தான் வருகிறது என்றார். முதலாளியின் முகம் மாறியது. போன மாதம் அக்காவைப் படுக்கப்போட்ட காய்ச்சலில் மூக்கு மந்தமாகியிருக்கும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நீ குடித்துச் சொல் என்றார்.

அக்கா நிம்மதியாக என்னைப் பார்த்தார். அந்த நிம்மதியை என்னால் இன்றுவரை சரியாக எழுத முடியவில்லை.

இரண்டாவது வரைவில் நான் கரண்டியைக் கீழே வைத்து, ‘அக்கா சொல்றதுதான் சரி. எனக்கு இதெல்லாம்—’

இல்லை. நடந்தது வேறு. தெரியாது என்று சொன்னால் நான்கு வருடச் சாயம் வெளுத்துவிடும். உறிஞ்சினேன்.

“எலுமிச்சைத் தோல் நல்லாவே வருதே அக்கா.”

அவர் கோபப்படவில்லை. என் கிண்ணத்தை வாங்கி மூன்றாவது முறை முகர்ந்தார். “நிஜமாவா தம்பி?” என்று மெதுவாகக் கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

கரண்டியைக் கழுவித் துடைத்து வைத்தார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. மூக்கு போன பிறகு உட்கார்ந்து ஊரை ஏமாற்றக் கூடாது என்று அந்த வாரக் கடைசியில் அவராகவே நின்றுகொண்டார். என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.*

* அடிக்குறிப்பு: இரண்டு மாதம் கழித்து, அனுப்பியவர்களிடமிருந்து கடிதம் வந்தது. துறைமுகக் கிடங்கில் மூட்டைகள் மாறிவிட்டன, மன்னிக்கவும். அந்தம்மா சொன்னதுதான் சரி போல என்று முதலாளி சிரித்தார். சிரித்தது அவர். அக்காவிடம் சொல்லாமல் இருந்தது நான். இதைக் கொண்டுபோய் அடிக்குறிப்பில் போட்டதும் நான்தான்.

4

ஒரு வருடம் கழித்து, போன சனிக்கிழமை, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அவர் வீட்டுக்குப் போனேன். (கதைக்காகப் போனேனா என்று கேட்காதீர்கள்.)

அக்காவுக்கு இப்போது ஒரு பல் மருத்துவரிடம் முன்பதிவு எழுதும் வேலை. மூக்குக்காக இரண்டு டாக்டர்களைப் பார்த்தாராம். ஒரு கோளாறும் இல்லை என்றார்களாம். அவர் நம்பவில்லை. காபி குடிப்பதையே விட்டுவிட்டார். வீட்டில் பால் கெட்டதா என்று கணவர்தான் முகர்ந்து சொல்ல வேண்டும். உனக்கு மட்டும் காபி போடுகிறேன் என்று எழுந்தார். நானும் சமையலறைக்குப் போனேன்.

பால் பாத்திரத்தை முகத்தருகே கொண்டுபோனார். நெற்றி சுருங்கியது. என்னிடம் நீட்டினார்.

“எனக்கு என்னமோ கெட்டுப்போன மாதிரி தோணுது. என் மூக்கை நம்ப முடியாது. நீ மோந்து பாரு தம்பி.”

முகர்ந்தேன். பால் வாசனை வந்தது. நல்லாத்தான் இருக்கு என்றேன். இந்த முறை அது பொய்யில்லை, எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

அடுப்பில் ஏற்றிய இரண்டாவது நிமிடம் பால் கட்டிகட்டியாகத் திரிந்தது.

அக்கா அடுப்பை அணைத்தார். பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அன்னைக்கு உனக்கு எலுமிச்சை வாசம் வந்துச்சா?”

5

முடிவு அ: சொன்னேன். அவர் அழுதார்.

முடிவு ஆ: சொன்னேன். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். (எனக்குப் பிடித்த முடிவு இது. வலித்துத் தீர்ந்துவிடும்.)

முடிவு இ: சொன்னேன். அவர் என்னை மன்னித்து— வேண்டாம். மன்னிப்பை அவர் வாயில் நான் எழுதக் கூடாது.

மூன்றிலும் ‘சொன்னேன்’ என்று இருக்கிறது. நான் சொல்லவில்லை. வேறு பால் வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். வாங்கவும் செய்தேன். பிறகு கால்கள் என் வீட்டுக்கு வந்துவிட்டன. கால்கள் என்று எழுதுகிறேன், பாருங்கள். நான்தான் வந்தேன். இன்று செவ்வாய்க்கிழமை.

இதற்கு மேல் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் போங்கள். இரண்டாவது மாடி, இடப்பக்கம். அழைப்பு மணி வேலை செய்யாது, கதவைத் தட்ட வேண்டும். திறந்ததும் அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அங்கிருந்து தொடங்குங்கள்.