ஒரு முழம் பூசாத சுவர்

எங்கள் குடும்பங்களில் நிக்காஹ் முடிந்தால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். அதனால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பெண்ணை ஒரு தரம் பார்த்தால் வீட்டை நாலு தரம் பார்ப்பார்கள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் என் மகள் சுல்தானாவுக்காகக் கடலூர் முதுநகரில் ஒரு வீடு கட்டினேன். கட்டியவர் மேல்பட்டாம்பாக்கத்து ஞானாபரணம் மேஸ்திரி. அவருடைய சுண்ணாம்புப் பூச்சில் பல்லி ஏற முடியாது, வழுக்கி விழும். என் வீட்டுப் பல்லிகள் எல்லாம் தரையில்தான் நடந்தன. அதில் ஒன்று இடுப்பொடிந்து, நொண்டிக்கொண்டே எதிர்வீட்டுக்குக் குடிபோனதை நானே பார்த்தேன். நம்பாதவர்கள் எதிர்வீட்டில் விசாரிக்கலாம்.

சிதம்பரம் மேலவீதியில் குடைக்கடை வைத்திருந்த ரஹ்மத்துல்லாவின் மகனைத்தான் சுல்தானாவுக்குப் பார்த்திருந்தோம். பெண் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வீடு பார்க்க வருகிறேன் என்று ரஹ்மத்துல்லா சொல்லியனுப்பினார். வீடும் முடிந்திருந்தது. ஒரு முழம் தவிர.

அந்த ஒரு முழத்துக்குக் காரணம் எசேக்கியேல் முதலாளி. கொச்சி யூதர், முந்திரிப்பருப்பு வியாபாரத்தில் என் கூட்டாளி. புது வீட்டின் முன்அறையை ஆபீசுக்குக் கேட்டார், கொடுத்தேன். பிறகு, வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் பூசாமல், செங்கல் தெரிய விடச் சொன்னார். ஜெருசலேமில் அவர்களுடைய ஆலயம் இடிக்கப்பட்டதை மறக்காமலிருக்க, அவர்கள் வீடுகளில் அப்படி விடுவது வழக்கமாம். அவர்கள் காத்திருக்கிற மேசியா, அவர்கள் பாஷையில் மாஷியாக், வந்து ஆலயத்தைத் திரும்ப எழுப்புகிறவரை எந்த வீடும் முழுசாக அழகாக இருக்கக் கூடாதாம். அத்தனை வருஷக் கூட்டில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

ஞானாபரணத்திடம் சொன்னேன். கையிலிருந்த பூச்சுக் கரணையைக் கீழே வைத்தார்.

"பாய், அந்த ஆலயத்த மூணே நாள்ல எழுப்பியாச்சு. கர்த்தரோட சரீரந்தான் ஆலயம். மேசியா வந்தாரு, சிலுவைல மரிச்சாரு, உயிர்த்தாரு. இப்பப் போயி நான் இந்த எடத்த உட்டு வச்சா அவரு வரலைன்னு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆவாது?"

"மேஸ்திரி, ஒரு முழந்தானே?"

"விசுவாசத்துல முழம் என்னா, சாண் என்னா?"

நான் துறைமுகத்துக்குப் போன நேரம் பார்த்து அவர் அதைப் பூசினார். எசேக்கியேல் வந்து, ஈரம் காய்வதற்குள் சுரண்டினார். மறுநாள் அவர் பூசினார், இவர் சுரண்டினார். நான் நடுவில் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டி, ஒரு வாரம் வீட்டில் சைகையில்தான் சோறு கேட்டேன். என் மனைவி சலீமா பீவி அந்த ஒரு வாரம்தான் நிம்மதியாக இருந்தேன் என்று பிற்பாடு பலரிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ரஹ்மத்துல்லா வந்தது, எசேக்கியேல் சுரண்டி முடித்த நேரம். குடையை ஊன்றிக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றார்.

"என்னாங்க இது?"

"சின்ன வேலை, பாக்கி இருக்கு."

"எப்ப முடியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் எசேக்கியேல் முந்திக்கொண்டார். "மாஷியாக் வந்தால் உடனே முடியும்."

"வந்துட்டாரு, இன்னிக்கே முடியும்" என்றார் சாரத்தின் மேலிருந்து ஞானாபரணம்.

ரஹ்மத்துல்லா இருவரையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஹக் பாய், முடியாத வீட்டுல எம்மவன் பெட்டிய எறக்க மாட்டான். நீங்க மூணு பேரும் திங்கக்கெழம கடைக்கு வாங்க. வந்தாரா வரலையான்னு எனக்கு ஒரு முடிவு சொல்லுங்க. இல்லாட்டி பரங்கிப்பேட்டையில ஒரு வீடு கூரையோட, சுவரோட ரெடியா இருக்கு."

அன்று இரவு சுல்தானா சோறு தொடவில்லை. நபிமார்கள் வருகிற காரியத்துக்கு நாள் குறித்துக் கொடு என்றால் நான் என்ன செய்வேன்?

திங்கட்கிழமை மூவரும் பஸ் ஏறினோம். ஆலப்பாக்கம் வருமுன்பே ஆரம்பித்துவிட்டார்கள்.

"மாஷியாக் மனுஷன். தாவீது ராஜா வம்சத்து மனுஷன். கடவுளல்ல" என்றார் எசேக்கியேல். "அவர் வந்தால் சண்டை நிற்கும். சிதறிப்போன எங்க ஜனம் ஒண்ணா சேரும். மேஸ்திரி, போன வருஷந்தானே சீனாக்காரன் சண்டை? எங்கே நின்னுது?"

"அவரு மொதல்ல வந்தது பாவத்துக்குப் பரிகாரமா உசுரக் குடுக்க. அவரு தேவகுமாரன். சண்டைய நிறுத்த ரெண்டாந்தரம் வருவாரு."

"வேலையப் பாதியில விட்டுட்டுப் போனவர வந்தவர்னு எப்படிச் சொல்றது? எங்க வேதத்துல ரெண்டாந்தரம்னு ஒரு பேச்சே இல்லை."

"பாதி இல்ல சாமி! அதான் பெரிய பாதி!"

பஸ்ஸில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வந்தார் என்றவர்கள் இடப்பக்கமும் வரவில்லை என்றவர்கள் வலப்பக்கமும் போய் உட்கார்ந்ததில், புதுச்சத்திரம் தாண்டியதும் பஸ் இடப்பக்கம் சாய்ந்து ஒரு புளியமரத்தை உரசியது. கண்டக்டர் கும்பிட்டு, இடப்பக்கத்தில் சிலரையாவது கொஞ்ச நேரத்துக்கு நம்பிக்கையை மாற்றிக்கொள்ளச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை.

"பாய், நீங்க எந்தப் பக்கம்?" என்று கண்டக்டர் என்னைக் கேட்டார்.

"எங்க மார்க்கத்துல ஈஸா நபி, நீங்க ஏசுன்னு சொல்றவங்க, அவங்கதான் மஸீஹ், மேசியா. வந்தாங்க. திரும்ப எறங்கி வருவாங்க. ஆனா அல்லாவோட மகன் இல்ல, சிலுவையில சாவவும் இல்ல" என்றேன்.

அவ்வளவுதான், இரண்டு பக்கமும் என் மேல் பாய்ந்தது. சிதம்பரம் வரை நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸுக்கு மட்டும் அது நல்லதாகப் போயிற்று.

குடைக்கடையில் ரஹ்மத்துல்லா எங்களை ஸ்டூலில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுக் கேட்டு ஒரு நல்ல குடையின் கம்பியை வளைத்தே விட்டார். கடைசியில் எசேக்கியேல் பக்கம் திரும்பினார்.

"அதெல்லாம் கெடக்கட்டும். அந்தச் சுவரப் பூசினா உங்களுக்குப் பாவமா?"

"இல்லையே" என்றார் எசேக்கியேல்.

எசேக்கியேல் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டு விளக்கினார்.

"யூதன் தனக்குன்னு புதுசா வீடு கட்டினாத்தான் அப்படி விடணும். இது ஹக்கோட வீடு. நான் ஆபீசுக்கு ஒரு அறை கேட்டு வந்தவன். பூசியிருந்தாலும் குத்தமில்லை."

நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன். "யோவ், இத ஏன்யா இத்தனை நாளாச் சொல்லலை?"

"நீ கேக்கலையே. ஒரு ஆசைக்குக் கேட்டேன், நீ சரின்னே. அதுக்குள்ள இவர் வந்து, மேசியா வந்துட்டார்னு சொல்லிப் பூசினார். அதுக்கு நான் சும்மா இருந்தா வந்துட்டார்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா? இப்போ உன் பொண்ணுக்காகன்னா தாராளமாப் பூசிக்கோ."

நான் ஞானாபரணத்தின் கையைப் பிடித்தேன். "மேஸ்திரி, முடிஞ்சுது. இன்னிக்கே பூசிடுங்க."

"பூச மாட்டேன்" என்றார் அவர்.

"ஏன்?"

"இவரு சட்டத்துல எடமிருக்குன்னு நான் பூசினா, அது இவரு சட்டத்துக்கு நான் செய்ற ஊழியம். மேசியா வந்துட்டாருன்னு வாயால சொல்லட்டும், தங்கம் மாதிரி பூசித் தரேன்."

ரஹ்மத்துல்லா வளைந்த குடையை மூலையில் எறிந்தார். "நாளைக்கு மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வரேன். சுவரு முழுசா இருந்தா தேதி. இல்லாட்டி பரங்கிப்பேட்டை."

ஊர் திரும்பியதும் முதுநகரில் இருந்த கொத்தனார்கள் அத்தனை பேரிடமும் போனேன். கதவைத் திறந்தார்கள், மரியாதையாகக் கேட்டார்கள், மூடினார்கள். ஒரு மேஸ்திரி கை வைத்த சுவரில், அவர் உத்தரவில்லாமல் இன்னொருவன் கரணை படக் கூடாது. தொழில் தர்மமாம்.

காலையில் எசேக்கியேல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். "நான் கொத்தனில்லை. எனக்கு அந்தத் தர்மமில்லை. உன் பொண்ணு சோறு தின்னலைன்னு பீவி சொன்னாங்க" என்று சொல்லிச் சுண்ணாம்பைக் குழைத்தார். பூசத் தொடங்கினார்.

அந்தப் பூச்சை நான் என்னவென்று சொல்வேன்! ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு ஆறு. எங்கிருந்தோ மூன்று பல்லிகள் வந்து அதில் வசதியாக ஏறி உட்கார்ந்தன. லுஹருக்குப் பாங்கு சொல்லப்போகிற நேரம். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கணக்கு முடிக்க வந்த ஞானாபரணம் வாசலில் அப்படியே நின்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், வீட்டில் யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும்.

"என் சுவத்துல இன்னாய்யா அது? புண்ணுக்குப் போட்ட பத்தா?"

"உனக்கென்ன? நீ பூச மாட்டேன்னு சொன்னியே" என்றார் எசேக்கியேல். அவர் இன்னும் ஒரு கரணை அள்ளி மலைமேல் வைத்தார்.

"குடுய்யா கரணைய!" என்று பிடுங்கினார் ஞானாபரணம். எல்லாவற்றையும் வழித்தெறிந்தார். மட்டப்பலகையை ஓட்டினார். "இது வேதத்துக்காவ இல்ல, சட்டத்துக்காவவும் இல்ல. கண்ணு கூசுது, அதுக்காவத்தான். பாய், நீங்க சாட்சி!"

"சாட்சி, சாட்சி" என்றேன். அந்த நேரத்தில் எதற்கு வேண்டுமானாலும் சாட்சி சொல்லியிருப்பேன்.

ரஹ்மத்துல்லா வந்தார். ஞானாபரணம் தண்ணீர் தெளித்து முழுக்க ஒரே ஈரமாக்கி வைத்திருந்த சுவரைத் தடவினார். விட்ட இடம் எது, விடாத இடம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. எசேக்கியேல் மட்டும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கு ஹக் பாய். தேதி வச்சிக்கலாம்" என்ற ரஹ்மத்துல்லா, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு. ராத்திரி பூரா தூக்கமில்ல. மேஸ்திரி, தேவகுமாரன்னு சொன்னீங்களே..."

ஞானாபரணம் கரணையைக் கழுவாமலே திரும்பினார். எசேக்கியேல் இன்னொரு நாற்காலியைத் தேடினார்.

நான் ரஹ்மத்துல்லாவின் கையைப் பிடித்துத் தெருவுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டேன். "தேதிய மொதல்ல சொல்லுங்க. சொல்லாம உள்ள உட மாட்டேன்."

"ஷவ்வால் மாசம் பிறை ஏழு" என்றார், கண்ணை உள்ளேயே வைத்துக்கொண்டு.

ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து சலீமா பீவி அதைச் சுல்தானாவுக்குச் சொல்வதும், அடுப்படியில் ஒரு தட்டு எடுத்து வைக்கிற சத்தமும் கேட்டன. பெண் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். நான் கையை விட்டேன். ரஹ்மத்துல்லா என்னைவிட வேகமாக உள்ளே ஓடினார்.