நோட்டில் இருந்த இரண்டு முட்டை

நூற்றி எண்பது பேர் சாப்பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போடத் தெரிந்தவள், அறுபத்தெட்டு கிலோ மனிதர் ஒருவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றத் தெரியாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். மனிதர் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஒன்பது மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சு கேட்பதை நிறுத்திவிட்டன. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

“வண்டி பிரேக்டவுன். மாத்து வண்டி வர்ற வரைக்கும் பயணிகள் பொறுமையா இருக்கணும்” என்றார், அவள் மடிமேல் கிடந்தபடியே.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாதித் தூரம் அவரைத் தூக்கியபோது கால்கள் வெடவெடவென்று ஆடின, இடுப்பில் ஏதோ சுளீரென்றது, இரண்டு பேரும் சரிந்து தரைக்கு வந்துவிட்டார்கள். பிடித்துக்கொண்ட இடுப்போடு அவளால் அசையவே முடியவில்லை. வழக்கமாகத் தூக்கிவிடும் பக்கத்து வீட்டுக்காரர் வேலை முடிந்து வர ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவருக்குக் கட்டிய துணி நனைந்து, அவள் புடவையும் நனைந்தது. 

வெளியூரில் இருக்கும் மகளுக்கு விஷயம் எட்டியது. மகள் போனில் முதலில் கத்தினாள், பிறகு அழுதாள்.

“அம்மா, நாளைக்கு நீயும் விழுந்து கிடந்தா நான் ரெண்டு பேரை எப்படிம்மா பாப்பேன்? நல்ல இல்லமா ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். தூக்க, குளிப்பாட்ட ஆள் இருக்காங்க. அப்பாவை அங்க விட்டுடலாம்.”

மகள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். மாதம் ஒருமுறை வந்து அவருக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அம்மாள்தான் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னார். மூன்று மாதம் பொறுப்போம். அதற்குள் இவள் தனி ஆளாக, அந்த அம்மாளின் கண்ணெதிரே, மூன்று முறை கணவரை மாற்றி உட்கார வைத்துக் காட்டினால் அவர் வீட்டிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் இல்லம். மகளும் ஒப்புக்கொண்டாள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த டிரைவர் அன்றைக்கு ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. “அந்த இல்லத்துல ஜன்னல் ரோட்டைப் பாத்து இருக்குமா?” என்று மட்டும் கேட்டார். 

அப்படித்தான், ஐம்பத்துநான்கு வயதில், நர்சிங் மாணவிகள் விடுதியின் தலைமைச் சமையல்காரி, நீண்ட விடுப்பில் இருப்பவள், டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த உடற்பயிற்சிக்கூடத்தின் படி ஏறினாள். உள்ளே ஏழெட்டுப் பேர் கண்ணாடியில் தங்கள் கைகளையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை நடத்துகிறவள் நாற்பது வயதுக்காரி, முன்பு எடை தூக்கும் போட்டிகளுக்குப் போனவள். எல்லோருக்கும் அவள் மாஸ்டர்.

“எனக்கு உடம்பு குறைக்க வேண்டாம். என் வீட்டுக்காரரைத் தூக்கணும்” என்றாள் இவள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. “எத்தனை கிலோக்கா?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலேயே இவளுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

முதல் வாரம் எடையே கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருப்பது; பத்து முறை, ஓய்வு, மறுபடி பத்து. இது ஒரு பயிற்சியா என்று நினைத்தாள். மறுநாள் காலையில் எழுந்திருக்கும்போது தொடைகள் பதில் சொல்லின. பிறகு சுவரில் கைவைத்துத் தள்ளுவது. பிறகு முதுகோடு ஒரு கம்பை ஒட்டி வைத்துக்கொண்டு, தலையும் முதுகும் கம்பை விட்டுப் பிரியாமல், இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிவது.

“நீங்க இத்தனை வருஷமா அண்டாவை முதுகால தூக்கியிருக்கீங்க. முதுகு நேரா நிக்கிறதுக்குத்தான், தூக்குறதுக்குத் தொடையும் பிட்டமும் இருக்கு” என்றாள் மாஸ்டர். “அவரோட முழு எடையும் உங்க மேல வராது. நல்ல காலு பாதியைத் தாங்கும். தரையிலேர்ந்து நாப்பது கிலோவை ஆட்டமில்லாம அஞ்சு தடவை எடுத்தீங்கன்னா, பயமில்லாம அவரை மாத்தலாம்.”

வாரத்துக்கு இரண்டு சாயங்காலம். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து டிரைவரோடு சீட்டாடுவார். இடையில் உள்ள நாட்களில் கண்டிப்பாக ஓய்வு. தசை கூடத்தில் வளராது, சாப்பிட்டுத் தூங்கும்போதுதான் வளரும் என்பது மாஸ்டரின் கட்சி. அதற்காக ஒரு நோட்டும் போடச் சொன்னாள். ஒவ்வொரு வேளையும் முட்டையோ மீனோ பருப்போ தயிரோ ஒன்று இருக்க வேண்டும். என்ன சாப்பிடுகிறாள் என்று தினமும் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

எழுதுவது இவளுக்குப் புதிதா என்ன? இருபத்தாறு வருடமாக விடுதிச் சமையலறையில் தினமும் எழுதியவள். அதே முத்து முத்தான கையெழுத்தில் எழுதினாள். காலை: அவித்த முட்டை இரண்டு, ரொட்டி, பால். மதியம்: சோறு, பருப்பு ஒரு கிண்ணம், மீன் நூற்றைம்பது கிராம், கீரை. மாலை: வேகவைத்த கடலை. ராத்திரி: ரொட்டி, காய்கறி, தயிர். மாஸ்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இங்க வர்ற தடியன்களுக்கெல்லாம் இதை ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கணும்க்கா” என்றாள்.

ஆனால் இரும்புக்கு நோட்டு படிக்கத் தெரியாது. மூன்றாவது வாரம் இருபத்தைந்து கிலோவுக்கு வந்தவள், ஆறாவது வாரத்திலும் இருபத்தைந்திலேயே நின்றாள். மாஸ்டர் குனியும் விதத்தைத் திருத்தினாள், ஓய்வைக் கூட்டினாள், பயிற்சியை மாற்றினாள். ஒன்றும் பலிக்கவில்லை. அக்கா மனசு வைத்துச் செய்யவில்லையோ என்றுகூட ஒருநாள் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அதைப் பிற்பாடு நினைத்து வருத்தப்பட்டாள். நாட்கள் பாதி போய்விட்டன. வீட்டில் டிரைவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்க ஆரம்பித்திருந்தார், கிளம்பும் முன் ஊரைப் பார்த்து வைத்துக்கொள்கிறவர் மாதிரி.

ஒரு வெள்ளிக்கிழமை, எடை மாட்டிய கம்பியை எடுத்து நிமிரும்போது இவளுக்குக் கண் இருட்டியது. மாஸ்டர் தாங்கிப் பிடித்து உட்கார வைத்து, ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தாள்.

“இன்னிக்கு என்னக்கா சாப்பிட்டீங்க?”

“காலைல டீ குடிச்சேன். மத்தியானம் கொஞ்சம் சோறும் குழம்பும்.”

மாஸ்டர் நோட்டை எடுத்தாள். “இதுல ரெண்டு முட்டைன்னு இருக்கே?”

“ஆமா, ரெண்டு அவிச்சேனே.”

“அவிச்சது சரி. சாப்பிட்டது யாரு?”

“அவருதான்.”

“மீன்?”

“அவருக்குத்தான் செஞ்சேன். உடம்பு சரியில்லாதவரு இல்லையா?”

பொய் சொன்ன முகம் இல்லை அது. விடுதியில் இருபத்தாறு வருடமும் அவள் எழுதியது அடுப்பை விட்டு இறங்கியதைத்தான்: அரிசி இத்தனை, பருப்பு இத்தனை, முட்டை இத்தனை. யார் வாய்க்குப் போனது என்று எந்த வார்டனும் கேட்டதில்லை. இங்கேயும் பேனாவை எடுத்ததும் கை அந்தப் பழக்கத்திலேயே போய்விட்டது. நூற்றி எண்பது தலையை எண்ணி உலை வைத்தவளின் கணக்கில் அவள் தலை ஒருநாளும் இருந்ததில்லை. மிஞ்சியதை நின்றுகொண்டே சாப்பிடுவாள், மிஞ்சாவிட்டால் டீ. அது அவளுக்குத் தியாகமாகத் தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தால் யாராவது சொல்லித் திருத்தியிருக்கலாம்.

“நாலு முட்டையா அவிக்க வேண்டியதுதானேக்கா?” என்று கேட்டாள் மாஸ்டர். குரலில் கோபம் இருந்தது, கண்ணில் இல்லை.

 வீட்டில் முட்டைக்குப் பஞ்சம் இல்லை. நாலு அவிக்கலாம் என்று இவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மாஸ்டர் சிவப்புப் பேனாவை எடுத்து, புதுப் பக்கத்தின் தலையில் பெரிதாக எழுதினாள்: ‘சமைத்தது வேண்டாம். உங்கள் வாய்க்குள் போனது மட்டும்.’

கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் சத்தமாகப் படிப்பது டிரைவரின் பழக்கம். அன்று அவள் வீட்டுக்கு வந்து நோட்டைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். திரும்பி வரும்போது அவர் அந்தச் சிவப்பு வரியைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு பின்பக்கம் புரட்டினார்.

“மீன் நூத்தம்பது கிராம். இது நான் தின்னது. முட்டை ரெண்டு, நான் தின்னது. கடலை... இது, நான் போதும் போதும்னு சொல்லச் சொல்ல நீ வாயில போட்டியே, அது.” அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று போனவர் நடுவில் நிறுத்திவிட்டார். நல்ல கை நோட்டின் மேலேயே கிடந்தது. “ஆறு வாரமா உன் சோத்தையும் சேத்துத் தின்னுட்டு, என்னைத் தூக்கச் சொல்லி உன்னை அனுப்பியிருக்கேன்.”

“போதும், ரொம்பப் பேசாதீங்க. நான்தானே போட்டேன்?”

“அதனாலதான் சொல்றேன்” என்றார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூட அழாதவர், அன்றைக்கு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவளும் அழுதாள். எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் முதல் நோட்டு அவர் வசம் போனது. அவள் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முதல் கவளம் அவளுடையது. அதுவரை டிரைவர் வாயைத் திறக்க மாட்டார். “இன்னும் ஒரு முட்டை இருக்கு. அது ஏறாம வண்டி எடுக்க முடியாது” என்பார். எதிரே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கு முன்னால் சாப்பிடுவது அவளுக்குக் கம்பி தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் அந்த முட்டையை முடிக்க அரை மணி நேரம் ஆனது.

மாயமெல்லாம் நடக்கவில்லை. இரண்டு வாரம் மயக்கம் வராமல் இருந்தது, அவ்வளவுதான். பிறகு இருபத்தேழரை. பிறகு முப்பது. பத்தாவது வாரம் முப்பத்தைந்து. சோதனைக்கு முந்தைய கடைசி வகுப்பில் நாற்பதை எடுத்தாள், ஆனால் ஐந்து முறை இல்லை, மூன்றே முறை. “போதுமா மாஸ்டர்?” என்று கேட்டாள். “தெரியலக்கா” என்றாள் மாஸ்டர். அவளுக்கும் பொய் சொல்ல வரவில்லை.

பிசியோதெரபி அம்மாள் காலை பத்து மணிக்கு வந்தார். மகள் போனின் திரையில் இருந்தாள், அலமாரிமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். இவள் நாற்காலியை அவருடைய நல்ல பக்கமாகப் போட்டாள். இரண்டு பிரேக்கையும் அழுத்தினாள். அவர் இடுப்பில் பட்டையான பெல்ட்டைக் கட்டி, தன் முழங்காலால் அவருடைய இடது முழங்காலை அணைத்துக்கொண்டு, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்தாள்.

“முன்னாடி சாயுங்க. மூணு சொன்னதும்.”

“ரைட்” என்றார் அவர்.

முதல் முறை முடிந்தது. இரண்டாவது முறை கொஞ்சம் கோணலாக முடிந்தது. பிசியோதெரபி அம்மாள் மறுபடி கட்டிலைக் காட்டினார். மூன்றாவது முறைக்கு முன்பே அவள் தொடைகள் நடுங்க ஆரம்பித்துவிட்டன. அலமாரிமேல் மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் எழுந்தார். கால்கள் ஆடின, ஆனால் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் நின்றது.

அவள் உடனே அவரைத் திருப்பவில்லை. ஏதோ மாறியிருந்தது, என்னவென்று புரிய ஒரு கணம் ஆனது. ஒரு வருடமாகக் கட்டிலில் கிடக்கும் முகத்தை மேலிருந்தே பார்த்துப் பழகிவிட்டாள். முந்தைய இரண்டு தடவையும் பெல்ட்டையும் முழங்காலையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் தன்னைவிட அரைத்தலை உயரம் என்பதே மறந்துபோயிருந்தது. இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

“போதும்மா, பாத்துட்டேன். உக்கார வைக்கலாம்” என்றார் பிசியோதெரபி அம்மாள்.

“கொஞ்சம் இருங்க மேடம், ஸ்டாப்பிங் இன்னும் வரல” என்றார் டிரைவர். பிறகு குரலைத் தணித்து அவளிடம் கேட்டார்: “காலைல எத்தனை முட்டை?”

“ரெண்டு.”

“அவிச்சதா, சாப்பிட்டதா?”

“சாப்பிட்டது” என்றாள் அவள், அண்ணாந்து பார்த்தபடியே.