ஆறாவது கிளிக்கில் மூன்றடுக்குக் கேக்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை பஸ் ஜன்னலிலிருந்து எடுத்தது.

குரோம்பேட்டையில் பஸ் நின்றிருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு சிவப்புக் கார் வந்தது. அகலமான டயர், தடித்த சைலன்சர். இந்த மாதிரிக் கார்கள் எப்படிப் போகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இது அப்படிப் போகவில்லை. ஸ்பீட் பிரேக்கரில் ஒவ்வொரு சக்கரமாக ஏறி, ஒவ்வொரு சக்கரமாக இறங்கியது. பின்சீட்டில் ஒரு பெரிய வெள்ளை அட்டைப்பெட்டி சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். நான் கேட்கிற ஆள் இல்லை. பஸ் கிளம்பிவிட்டது. அதனால் மீதி எல்லாம் நானே கட்டியது.

2

மூன்று ஆரம்பங்கள் எழுதினேன்.

முதலாவது: "ஜான்சி வேகத்தை நேசித்தாள்." அடித்துவிட்டேன். விளம்பரம் மாதிரி இருந்தது.

இரண்டாவது: "காரின் சஸ்பென்ஷனில் முக்கியமானவை இரண்டு. ஸ்பிரிங் குதிக்கும். ஷாக் அப்சார்பர் அந்தக் குதியை அடக்கும்." இது பாடப்புத்தகம். ஆனாலும் அடிக்கவில்லை, பின்னால் உங்களுக்குத் தேவைப்படும்.

மூன்றாவது: "அடுத்த கேக்கும் உடைஞ்சா காரை வித்துடணும், சொல்லிட்டேன்."

இது சரி. பேசுபவர் ஜான்சியின் அம்மா ஷீலா. இங்கிருந்து போகலாம்.

3

ஷீலா இரும்புலியூரில், வீட்டிலேயே கல்யாணக் கேக் செய்பவர். ஜான்சிக்கு இருபத்தாறு வயது. பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு இயற்பியலுக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். போன வருடம் வரை கேக்குகள் ஒரு பழைய வேனில் போயின. ஜான்சி அந்த வேனைக் கொடுத்து, தன் சேமிப்பையும் சேர்த்துப் போட்டு, செகண்ட் ஹேண்டில் இந்தச் சிவப்புக் காரை வாங்கினாள். சின்ன உடம்பு, டர்போ எஞ்சின். (காரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டு, அதைவிட நல்ல கார் எது என்று சண்டை போடப் போய்விடுவீர்கள்.)

ஏன் வாங்கினாள்? முதல் வரைவில் ஒரு சோகமான காரணம் வைத்திருந்தேன். அவளுடைய அப்பா ஒரு காலத்தில்

வேண்டாம். உண்மையான காரணம் இதுதான்: வண்டலூரில் வெளிவட்டச் சாலைக்கு ஏறும் வளைவில் அந்தக் கார் திரும்பியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனியாக, சத்தமாக, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில். ஆபீஸ் மீட்டிங்கில் தன் பெயரைச் சொல்லவே தண்ணீர் குடிக்கிறவள் அவள்.

ஆனால் காரின் ஷாக்குகள் தேய்ந்திருந்தன. போன மாதம் பெருங்களத்தூரில் ஒரு ஸ்பீட் பிரேக்கர் தாண்டியபிறகு கார் நான்கு தடவை ஆடிவிட்டுத்தான் அடங்கியது. கேக்கின் நடு அடுக்கு இரண்டு விரற்கடை நகர்ந்துவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் சேதமான பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்து, நல்ல பக்கத்தில் வெட்டினார்கள். ஷீலா மூன்று நாள் ஜான்சியோடு பேசவில்லை. நான்காம் நாள் பேசியதுதான் மேலே நான் பிடித்துக்கொண்ட வாக்கியம்.

அடுத்த கேக் சனிக்கிழமை. குரோம்பேட்டையில் ஒரு மண்டபம். மூன்றடுக்கு, பதினொரு கிலோ.

(அடிக்குறிப்பு: அடுக்குகளைத் தனித்தனியாகக் கொண்டுபோய் மண்டபத்தில் அடுக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஷீலாவின் கேக்கில் கீழ் அடுக்கிலிருந்து உச்சி வரை ஒரே ஐசிங் கொடி சுற்றி ஏறும். அதற்காகத்தான் ஆட்கள் அவரிடம் வருகிறார்கள். பிரித்து ஒட்டினால் ஒட்டு தெரியும். வாடகைக் கார் என்றால் கண் தெரியாத டிரைவரிடம் கேக்கைக் கொடுப்பதற்குச் சமம் என்பது அவர் கருத்து. தன் மகள் அந்த டிரைவரைவிட ஒரு படி மேல் என்று அவர் இன்னும் நம்பினார். காரைத்தான் நம்பவில்லை.)

4

ஆக, ஜான்சிக்கு நல்ல சஸ்பென்ஷன் வேண்டும். வளைவில் சாயக்கூடாது, கேக்கும் சரியக்கூடாது.

அவளுடன் வேலை பார்க்கும் ஷ்யாம்சுந்தருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. காரை நாற்பது மில்லிமீட்டர் தாழ்த்தும் கெட்டி ஸ்பிரிங். "மச்சி, நின்னுட்டு இருந்தாலே ஓடற மாதிரி இருக்கும்" என்றான். போட்டோக்கள் காட்டினான். அழகாகத்தான் இருந்தன. எந்தப் போட்டோவிலும் கார் ஓடவில்லை என்பதை ஜான்சி கவனித்தாள்.

அடுத்தது காயில் ஓவர். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே செட்டாக வரும். உயரத்தையே திருகி மாற்றலாம். ஜான்சி அதைப் பற்றி ஐந்து நாள் படித்தாள். பஸ்ஸில் படித்தாள், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின்போது பாட்டுப் புத்தகத்துக்குள் போனை வைத்துப் படித்தாள். இரவு கண்ணை மூடினால் வரைபடங்கள் வந்தன. எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. ஒரு பொருளை வாங்குவதற்கு முந்தைய ஐந்து நாளைப்போல வாழ்க்கையில் வேறொன்று இல்லை.

பம்மலில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அக்தர் அண்ணா இரண்டையும் ஒதுக்கினார். காரின் நான்கு மூலையையும் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தி, அது எழும்பி ஆடுவதை எண்ணினார். டீயை ஒரு வாய் குடித்தார்.

"தாழ்த்தாதம்மா. நம்ம ரோட்டுக்கு இந்த ஹைட்டே கம்மியா கீது. ஸ்பிரிங்க அப்படியே வுடு. ஷாக்க மட்டும் நல்லதா மாத்து. திருகிக் கெட்டியாக்கறது வருது பாரு, பதினாறு கிளிக், அத்த வாங்கு. ரப்பர் புஷ் எல்லாம் புதுசா போட்டுக் குடுக்கறேன்."

ஒவ்வொரு ஷாக்கின் தலையிலும் ‘கிளிக்’ என்று ஒவ்வொரு படியாகத் திருகும் ஒரு குமிழ் இருக்கும். ஒன்று என்றால் மெத்தை, பதினாறு என்றால் கட்டாந்தரை. ஜான்சி அதையே வாங்கினாள்.

[இங்கே எனக்கு ஒரு சங்கடம். ஷ்யாம்சுந்தரை நான் படைத்ததே தவறாகப் பேசுவதற்காகத்தான். அது நியாயமில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு நல்ல வேலை தருகிறேன்.]

5

ஷாக் மாட்டியது புதன்கிழமை. வியாழக்கிழமை ஜான்சி சோதனையைத் தொடங்கினாள். வீட்டில் ஷோகேசிலிருந்து ஒரு மூன்றடுக்குக் கேக்கை எடுத்துப் பின்சீட்டில் கட்டினாள். போனில் அதிர்வை அளக்கும் ஒரு ஆப். நோட்டில் கட்டம் போட்டாள். நான்காவது கிளிக்: கேக் அசையவில்லை. எட்டு: அசையவில்லை. பன்னிரண்டு: அசையவில்லை. பன்னிரண்டில் வண்டலூர் வளைவுக்குப் போனாள். கார் சாயாமல் ஓட்டிய கோட்டில் அப்படியே திரும்பியது. அவள் சிரித்துக்கொண்டே சுற்றி வந்து, இன்னொரு முறை ஏறினாள். கேக் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது.

இந்தப் பகுதியை எழுதும்போது நானும் சந்தோஷமாக இருந்தேன். கதை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு, நோட்டோடு பம்மல் போனாள். பன்னிரண்டு கிளிக்கிலும் கேக் தாங்குகிறது என்று அக்தர் அண்ணாவிடம் காட்டினாள். அவர் நம்பவில்லை. பின்கதவைத் திறந்து, கேக்கை வெளியே எடுக்கக் குனிந்தார். பாரம் தூக்கும் தோரணையில் முழங்காலை மடக்கி, மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினார். கேக் அவர் தலைக்கு மேலே போய்விட்டது.

"இன்னாமா இது, காத்து மாதிரி கீது?"

ஜான்சி அந்தக் கேக்கைப் பார்த்தாள். அது தெர்மகோல். கேக் செய்பவர்கள் கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுவதற்காக, தெர்மகோல் வட்டங்கள் மேல் ஐசிங் பூசி வைத்திருப்பார்கள். பிறந்ததிலிருந்து அவள் வீட்டில் அதற்குப் பெயர் கேக்தான். "கேக்கைத் துடை", "கேக்கை நகர்த்தி வை" என்றுதான் பேச்சு. அதன் எடை முந்நூறு கிராம். பலகையோடு பசை போட்டு ஒட்டியும் இருந்தது.

(இயற்பியல் படித்த பெண் நிறையை மறந்துவிட்டாள். இதை நான் திட்டமிடவில்லை. எழுதும்போது நானும்தான் மறந்திருந்தேன். அக்தர் அண்ணா தூக்கியபோதுதான் எனக்கும் தெரிந்தது.)

"இத வச்சியா சோதிச்ச?" என்றார் அவர். பிறகு கேக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, எதிர் லேத் பட்டறைக்காரருக்குக் காட்டப் போனார்.

ஜான்சிக்கு அழுகைதான் முதலில் வந்தது. பாதி வழியில் அது சிரிப்பாகிவிட்டது.

6

வெள்ளிக்கிழமை நான்கு மணி. கல்யாணத்துக்கு ஒரு நாள். பன்னிரண்டாவது கிளிக் சரியா தவறா என்று யாருக்கும் தெரியாது. மணல் மூட்டை வைக்கலாம் என்றார் அக்தர் அண்ணா. மணல் கனக்கும், ஆனால் ஆடாது. எடையும் வேண்டும், குழைவும் வேண்டும். ஜான்சி அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவளுக்கு வேறு யாருமில்லை.

என் திட்டத்தில் ஷீலா இந்த இடத்தில் கத்துவார், வாடகைக் காரைக் கூப்பிடச் சொல்வார். அப்படி எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் அவர் சொன்னது ஒரே ஒரு சொல்.

"கேசரி."

ஐந்தரை மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். மூன்று கேக் அச்சுகளில் மூன்று அளவில் ரவா கேசரி, சூடு ஆறி இறுகியும் இறுகாமலும். ஒர்க்‌ஷாப் பெஞ்சில் கவிழ்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். தட்டிப் பார்த்தார். அது நடுங்கியது. "என் கேக்கு இந்தளவு ஆடாது. இது தாங்கினா அது தாங்கும்" என்றார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

பம்மலின் தெருக்களில் மூன்றடுக்குக் கேசரியை ஏற்றிக்கொண்டு ஒரு டர்போ கார் சுற்றியது. பன்னிரண்டாவது கிளிக்கில், முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே, உச்சி அடுக்கு எகிறி ஷீலாவின் மடியில் விழுந்தது. ஷீலா அதைத் திரும்ப எடுத்து வைத்தார். இரண்டாவது கிளிக்கில் கார் மெத்தையாக இறங்கியது, ஆனால் இறங்கியபிறகும் தாலாட்டிக்கொண்டே இருந்தது. கேசரி இடமும் வலமும் ஆடி, மெதுவாக மரியாதையாகச் சாய்ந்தது. எட்டில் ஒரு விரிசல். ஐந்தில் லேசான ஆட்டம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் சேதமான பகுதி லேத் பட்டறைக்குப் போனது. அங்கிருந்தவர்கள் அடுத்த தோல்விக்குத் தட்டோடு காத்திருந்தார்கள்.

ஆறாவது கிளிக்கில் கார் ஸ்பீட் பிரேக்கரில் ஏறியது, இறங்கியது, ஒரே மூச்சில் அடங்கியது. கேசரி ஒரு தடவை தலையாட்டிவிட்டு நின்றது.

"பார்த்தியா?" என்றார் ஷீலா. அவரை நான் எதிரியாக வைத்திருந்தேன் என்பதை அவர் மறந்துவிட்டார். காரை விற்கும் நிபந்தனையை மட்டும் மறக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் அதை இன்னொரு முறை சொன்னார்.

7

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. நிஜக் கேக், பெட்டிக்குள், பின்சீட்டில், சீட் பெல்ட்டோடு. பக்கத்தில் ஷீலா, பெட்டியைக் காவல் காக்க. முன்னால் ஷ்யாம்சுந்தர் ஸ்கூட்டரில். இதுதான் நான் அவனுக்குத் தருவதாகச் சொன்ன வேலை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடது கையைத் தூக்கினான், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் வலது கையை. ஒரு இடத்தில் இரண்டு கையையும் தூக்கி, என்னைக் கொஞ்சம் பயமுறுத்தினான்.

தாம்பரம் சானடோரியம் தாண்டியதும் ஜான்சி கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

ஷீலா தூங்கிக்கொண்டிருந்தார். விடியற்காலையிலிருந்து ஐசிங் கொடி வரைந்தவர். தலை சீட்டில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கைகள் மடியில். பெட்டியை யாருமே பார்க்கவில்லை.

ஜான்சி அவரை எழுப்பவில்லை. ரோட்டைப் பார்க்கவேண்டியிருந்தது. அதற்குப்பிறகு வந்த ஒவ்வொரு மேட்டிலும் அவள் கண்ணாடியில் கேக்கைப் பார்க்கவில்லை, அம்மாவின் தலையைப் பார்த்தாள். அது ஒரு தடவை ஏறும், ஒரு தடவை இறங்கும், நிற்கும்.

மண்டப வாசலில் எஞ்சினை அணைத்தபோதுதான் ஷீலா கண் விழித்தார்.

"எங்க இருக்கோம்?"

"வந்தாச்சும்மா. மண்டபம்."

"அந்த ஸ்பீட் பிரேக்கர் எல்லாம்?"

"ஒன்பது."

ஷீலா பெட்டியைப் பார்த்தார். திறக்கக் கை போனது, நின்றது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலடி" என்றார். பிறகு, "ஜான்சி, இந்தக் காரை விக்கறதைப் பத்தி நான் சொன்னேன்ல, அதை"

8

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். கேக் முழுசாக இருந்தது, கொடி ஒரு இலைகூட உதிரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நான்கே வரிகளில் முடிந்தது. எனக்கே போரடித்தது.

இன்னொரு முடிவில் உச்சி அடுக்கு சரிந்திருந்தது. ஷீலா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். திங்கட்கிழமை காரைப் பார்க்க ஒருவர் வந்தார், டயரை உதைத்துப் பார்த்தார். அதற்கு மேல் என் கை ஓடவில்லை.

(இயற்பியல் படித்தவர்கள் மூடிய பெட்டி என்றதும் திறக்கும்வரை உயிரோடும் செத்தும் இருக்கிற ஒரு பூனையை எதிர்பார்ப்பார்கள். வராது. கேக் மட்டும்தான்.)

எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். இரும்புலியூரிலிருந்து குரோம்பேட்டை போகும் வழியில், ஒன்பது ஸ்பீட் பிரேக்கர்கள் மேல், உலகத்திலேயே அந்தக் காரை மிகக் குறைவாக நம்பிய ஆள் அதற்குள் தூங்கினார். அவர் என்ன சொல்ல வந்தார் என்பதை மூடியைத் திறந்த பிறகு சொல்வாரா, திறக்காமலே சொல்வாரா என்பதை உங்களிடம் விடுகிறேன். பெட்டி பின்சீட்டில் இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டேன்.

மூடியை இரண்டு கையாலும் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் கொடி ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.