சின்னக்குழல்

குழல் வாத்தியாருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் வாசிப்பதையே கூடவே மெல்ல வாசிப்பதுதான் அவர் பெண்டாட்டியின் வேலை. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஓசை அறுந்துவிடக் கூடாதில்லையா, அதற்காக. கச்சேரிக்காரர்கள் அவளைச் சின்னக்குழல் என்பார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் அவரிடமே கற்ற வித்தை. அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரே ஒரு "நல்லா இருந்துச்சு" வாங்கிவிட அவளும் ஆன மட்டும் பார்த்தாள். ஊஹூம். வாசித்து முடித்தால் "ம், அடுத்தது" என்பார். அப்படி ஒரு கஞ்சத்தனம்!

ஒருநாள் காலையில் அவர் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் நிற்காமல் ஓரமாக ஒழுகியது. முகவாதம். மருந்து, பயிற்சி எல்லாம் பார்த்து சில மாதத்தில் முகம் நேராகிவிட்டது. இடது உதட்டோரம் மட்டும் மரத்தது மரத்ததுதான். அந்தப் பக்கத்துக் காதும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. குழலுக்கு உதடுதானே எல்லாம்? கீழ்ஸ்வரங்கள் ஏதோ ஒப்பேறும். மேலே போனால் வெறும் காற்று.

திரும்பவும் மேடையேறிய முதல் நாளே அது நடந்தது. அவர் மேலே போனார், ஸ்ஸ் என்றது. சின்னக்குழலுக்கு யோசிக்க நேரம் ஏது? தன் குழலை ஓங்கி ஊதி அந்த இடத்தை நிரப்பிவிட்டாள். கச்சேரி முடிந்ததும் சபை எழுந்து நின்று கைதட்டியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர், "உதடு திரும்பிடுச்சு, பாத்தியா!" என்று குழந்தை மாதிரி பூரித்துப் போனார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவளால் உண்மையைச் சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த கச்சேரிக்கு முன்னால் மைக்செட்காரரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, அவர் மைக்கைக் குறைச்சு என்னோடதை ஏத்தி வை."

"அக்கா, இது பாவம் இல்லையா?"

"பாவம்னா என் தலையில விடியட்டும்."

அதிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. வீட்டிலும் அவர் குழலை எடுத்தால் போதும், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் விட்டுவிட்டு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து கூடவே ஊதுவாள். அவரைத் தனியாக ஊதவே விடவில்லை. பாடம் எடுக்கும்போது அவர் பாடிக் காட்டுவார். "இதை நீ வாசிச்சுக் காட்டு" என்று வேலையை அவள் தலையில் கட்டிவிடுவார். அது பழைய வழக்கம்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வந்த வினை வேறு வழியில் வந்தது. ஒரு மண்டபத்தில், அவர் வாசிப்பு அவருக்கே கேட்கும்படி எதிரே சின்ன ஒலிபெருக்கி ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் அவர் காற்று அவருக்கே கேட்டுவிட்டது. இரண்டு குழலும் ஒரே சுருதி, ஒரே பாட்டு. எது யாருடையது என்று அந்தக் காதுக்குப் பிரியவில்லை. தன்னுடையது என்று அவருக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்! மறுநாள் பாடத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் இருக்கும்போதே அவளைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷம் வாசிச்சு என்ன பிரயோஜனம்? உன் குழல்ல காத்து போகுது. மேல போனா வெறும் புஸ்ஸுன்னு வருது."

சின்னக்குழல் "சரிங்க, சரி பண்ணிக்கிறேன்" என்றாள். அன்றிலிருந்து தினமும் காலையில், நேற்றுச் சேர்ந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்து ஒரே ஸ்வரத்தை நீளமாக ஊதினாள். அவமானம் பிடுங்கித் தின்றது. தின்னட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. பெரிய சபை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. கச்சேரியைப் பதிவுசெய்து வெளியிடப் போகிறார்களாம்.

"இந்தத் தடவை நீ கீழ உக்காந்து கேளு," என்றார். "உன் காத்துச் சத்தம் பதிவுல விழுந்தா மானமே போயிடும். நான் தனியாவே வாசிச்சுக்கிறேன்."

அவள் கெஞ்சிப் பார்த்தாள். சண்டை போட்டாள். மனுஷன் பிடித்த பிடியை விடவில்லை. நிறைந்த சபையில், அத்தனை பேர் முன்னால், அவருக்குத் தெரியப் போகிறது. அதைவிட வீட்டிலேயே, தன் எதிரில் தெரியட்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

கச்சேரிக்கு முந்தின நாள் மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, "ஒரு தடவை கூட வாசிக்கிறேங்க" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். அவளும் வாசித்தாள். மேலே ஏறும் இடம் வந்ததும் குழலை எடுத்து உறையில் போட்டு முடிச்சுப் போட்டாள். அவர் மேலே போனார். ஸ்ஸ்.

"பாத்தியா, மறுபடியும் காத்து! எத்தனை தடவை சொல்றது உனக்கு?" என்று கண்ணைத் திறந்தார்.

முடிச்சுப் போட்ட உறை அவள் மடியில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு திரும்ப ஊதினார். காற்று. குழலைக் கொஞ்சம் திருப்பி வைத்து ஊதினார். அதே காற்று.

"எப்போலேர்ந்து?"

"நீங்க குணமாகி வந்து வாசிச்ச முதல் கச்சேரியிலேர்ந்து."

"அன்னிக்கு எழுந்து நின்னு கைதட்டினாங்களே..."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் உறையில் சொட்டியது. அவர் குழலைக் கீழே வைத்தார். அந்த முழுக் கச்சேரியையும் மனசுக்குள் திரும்ப ஓடவிட்டுக் கேட்கிறவர் போல, விரலால் தொடையில் தாளம் போட்டார்.

"நல்லா இருந்துச்சு," என்றார். "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா, அன்னிக்கு."

"ஐயோ, அதை மட்டும் சொல்லாதீங்க!" என்று பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். அவள் உள்ளங்கைக்கு அடியில் அவர் உதடு துடித்தது. வலது பாதிதான் துடித்தது. இடது பாதி அசையவே இல்லை.