கோயம்புத்தூருக்குப் போன சொதி

விக்கிரமசிங்கபுரத்து நூல் ஆலை ஒன்றில் சண்முகசுந்தரி டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் கூப்பிட்டவர் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் அழைப்பை உரிய இடத்துக்கு மாற்றிவிடுவாள். பழைய போனின் பொத்தான்கள் அவள் விரலுக்கு அத்துப்படி.

அந்தப் போனைத்தான் ஒரு திங்கட்கிழமை கழற்றிவிட்டார்கள். புதிதாக ஒன்றை மாட்டியவர் போன் கம்பெனிக்காரர் எபி. சுந்தரி தடவிப் பார்த்தாள். பளிங்குத் தரை மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"இதுல பொத்தான் எங்கன இருக்கு?"

"பொத்தானே கிடையாது மேடம். இது இன்டர்நெட் போன். எல்லாம் கண்ணாடியிலயே வரும். பச்சையா இருக்கதைத் தொட்டாப் போதும்."

"பச்சையா இருக்கது எது?"

"செவப்புக்குப் பக்கத்துல இருக்கும் மேடம்," என்றார் எபி, மிகுந்த பணிவோடு.

அவர் போனதும் சுந்தரி கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். கணக்குப் பிரிவு பிருந்தா இடம் காட்ட, கண்ணாடிமேல் ஒவ்வொன்றாக ஒட்டினாள். மேனேஜருக்குப் பெரிய வட்டப் பொட்டு, குடோனுக்குச் சின்னது, கேன்டீனுக்கு நெளிநெளியான பாம்புப் பொட்டு. வேலை ஜோராக நடந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது போன் என்று பிருந்தா சிரித்தாள்.

புதன்கிழமை அந்தப் போன் யாரையும் கேட்காமல் இன்டர்நெட் வழியாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. கண்ணாடிக்குள் இருந்ததெல்லாம் இடம் மாறிவிட்டது. சுந்தரிக்கு அது எப்படித் தெரியும்? நூல் பொதி கேட்டு ராஜபாளையத்திலிருந்து வந்த அழைப்பைக் குடோனுக்கு அனுப்புவதாக நினைத்துச் சின்னப் பொட்டைத் தொட்டாள். எடுத்தவர் கேன்டீன் இசக்கி. பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் அவருக்குப் பொதி போளி என்று கேட்டது.

"நாப்பதும் நாளைக்கு லாரியில ஏத்திருங்க அண்ணாச்சி," என்றது ராஜபாளையம்.

"நாப்பது போளிக்கு எதுக்குவே லாரி?" என்றார் இசக்கி. ஆனாலும் மாவு பிசைந்துவிட்டார்.

மறுநாள் மேனேஜர் கோமதிசங்கர் கையில் ஒரு போளியோடு வந்து நின்றார்.

"என்ன சுந்தரி இது?"

"பொட்டு வச்ச இடத்துலயேதான் இருக்கு சார். கேன்டீன்தான் நகந்துட்டு."

"எல்லாம் பழகினா வந்துரும். நான்லாம் கண்ணை மூடிக்கிட்டே பண்ணுவேன்."

"பண்ணுங்களேன் சார்."

மேனேஜர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார். திருட்டுத்தனமாகத் திறக்கிறாரா என்று பிருந்தா குனிந்து பார்த்துக்கொண்டாள். வீட்டு எண்ணை அழுத்துவதாக நினைத்து அவர் எங்கோ தொட்டார். ஸ்பீக்கரில் மணி அடித்தது. எதிர்முனை எடுத்ததுமே மனைவியிடம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தார்.

"ஏட்டி, சொதி வச்சிட்டியா? இஞ்சிப் பச்சடியை மறந்துராத. போன தடவை மாதிரி தண்ணியா வச்சேன்னா நான் வீட்டுக்கே வரமாட்டேன், பாத்துக்க!"

கோயம்புத்தூரிலிருந்து ஆலை முதலாளியின் குரல் நிதானமாக வந்தது.

"கோமதிசங்கருங்களா? சொதின்னா என்னங்க?"

நாற்காலி தள்ளப்படுகிற சத்தம் சுந்தரிக்குக் கேட்டது. மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். பயத்தில் அவருக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய் என்று ஆரம்பித்து, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிவதுவரை சொல்லி முடித்தார். சுந்தரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்குமாட்ட இருக்குதுங்க. அதுக்கு என்னை எதுக்குங்க ஏட்டிங்கறீங்க?"

வேறு வழியில்லாமல் மேனேஜர் நடந்ததைச் சொன்னார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஆபரேட்டரிடம் பேச வேண்டும் என்றார்.

"உங்களுக்கு எந்த மாதிரி போன் வேணுங்கம்மா?"

"இன்டர்நெட் போனே இருக்கட்டும் சார். ஆனா விரலுக்குத் தட்டுப்படுத பொத்தான் வேணும். யார் கூப்பிடுதாங்கன்னு எங்காதுல சொல்லணும்."

"அப்படியெல்லாம் இருக்குதுங்களா?"

"இருக்கு சார். வாங்குததுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேன்."

அடுத்த வாரம் எபி அப்படி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். பொத்தான்களைத் தடவிய சுந்தரிக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஹெட்போனில் ஒரு வெள்ளைக்காரக் குரல் பெயர்களைச் சொன்னது. குடோன் நாறும்பூநாதனை அது 'நேரம்பு நேத்தன்' ஆக்கியது. மேனேஜரைக் 'குமட்டி சங்கர்' என்றது. இங்கிலீஷ் எழுத்தை மாற்றிக் கொடுத்தால் உச்சரிப்பு சரியாகும் என்று எபி வழி காட்டினார். சுந்தரி உட்கார்ந்து எல்லாப் பெயர்களையும் திருத்தினாள். ஒன்றே ஒன்றை மட்டும் தொடவில்லை.

"மேனேஜர் பேரை விட்டுட்டியே அக்கா?" என்றாள் பிருந்தா.

"இருந்துட்டுப் போகட்டும்ட்டி," என்றாள் சுந்தரி. "நாள் பூரா இங்கன உக்காந்திருக்கேன். எனக்கும் சிரிக்கதுக்கு ஒண்ணு வேணாமா?"