காலியாகப் போகாத பாத்திரம்

"கடையில வாங்கின கேக்கையாடா நெல்டா பாத்திரத்துல வைக்கப் போற?"

வெர்டி கட்டிலில் படுத்தபடியே கத்தினாள். இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவள் என்று அந்தக் குரலைக் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். மகன் ராய்ஸ் சமையலறையில் கேக்கும் கையுமாகப் பிடிபட்டு நின்றான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அட்லாண்டாவில் கல்லூரிப் பேராசிரியர். ஆனால் அலபாமாவின் இந்த மில் தெரு வீட்டுக்குள் காலடி வைத்தால் மறுபடி அரை டவுசர் பையன்தான்.

"நல்ல கேக்தாம்மா."

"நல்லதா இருந்தா நீயே தின்னு. மூலையில சர்க்கரைவள்ளிக் கிழங்கு கிடக்கு. அவிச்சு, வெண்ணெய் போட்டு மசி."

மேஜை முழுக்கப் பாத்திரங்கள். அவள் விழுந்த செய்தி கேட்டதும் சர்ச் பெண்கள் கோழியும் சோள ரொட்டியுமாகக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் உரியவளின் பெயர் எழுதிய பிளாஸ்திரி. ஒன்றுகூடக் காலியாகத் திரும்பிப் போகக் கூடாது. அது வெர்டியின் சட்டம். ஒவ்வொன்றுக்கும் சமைத்துச் சமைத்து ராய்ஸுக்கு விரல்களெல்லாம் தீக்காயம்.

அவன் வந்த வேலையே வேறு. தன் சிறுவயதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தான். அம்மா சம்மதிக்காமல் ஒரு வரிகூட அச்சேறாது என்று வாக்குக் கொடுத்திருந்தான். நாளைக் காலை அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். அப்பா வேறொருத்தியோடு ஓடிப்போனதற்குத் தலையாட்டிவிட்டாள். துடைப்பத்தால் அவனை விளாசியதற்கும் தலையாட்டிவிட்டாள். நீலப் பாத்திர அத்தியாயத்தில் மட்டும் வந்து முரண்டு பிடித்தாள். பதிப்பாளர் அழுதுகொண்டே படித்ததாகச் சொன்ன அத்தியாயம் அது.

அப்பா போன அந்தக் குளிர்காலத்தில் எதிர்வீட்டு நெல்டா ஒரு நீல எனாமல் பாத்திரத்தில் தட்டைப்பயறு கொண்டுவருவாள். மறுநாளே வெர்டி அதைக் கழுவி, வீட்டில் இருந்த கிழங்கை மசித்து நிரப்பி, "கொண்டு போய்க் குடுத்துட்டு வா" என்பாள். பசியோடு அதைச் சுமந்து தெருவைக் கடப்பவன் ராய்ஸ். எதிர்வீட்டில் கறி வறுக்கும் வாசனை மூக்கைத் துளைக்கும். 'என் வயிற்றைவிட அம்மாவுக்குத் தன் கௌரவம் பெரிதாக இருந்தது' என்று அத்தியாயத்தை முடித்திருந்தான்.

"அதுல என்னதாம்மா தப்பு?"

"தப்புன்னா தப்பு."

"எந்த வரின்னாவது சொல்லேன்!"

"கிழங்கு அடிப்பிடிக்குது பாரு."

பிடித்துத்தான் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு இரண்டாம் முறை அவித்தான். மசித்தான். அதே நீலப் பாத்திரம். விளிம்பில் எனாமல் பெயர்ந்து கறுத்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தான்.

தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு கதவைத் திறந்தாள் நெல்டா. வாங்கியதும் முதலில் பாத்திரத்தின் ஓரத்தைத்தான் குனிந்து பார்த்தாள்.

"பரவாயில்லையே! இந்தத் தடவை விரல் விடலை."

"என்ன நெல்டா அத்தை?"

"சின்ன வயசுல ஒரு நாள் ஓரமாத் தோண்டித் தின்னுட்டுத்தானே கொண்டு வந்த? எங்க மூத்தவன், 'அந்த ராய்ஸ் பய தின்னுட்டாம்மா'ன்னு ஒரே அழுகை. நீ எப்ப வருவேன்னு எங்க பிள்ளைங்க எல்லாம் ஜன்னல்லதானே தொங்கிட்டு இருக்கும்!"

"உங்க வீட்டுலயா? உங்க வீட்டுக்காரர் ஹாய்ட் மாமா மில்லுல மேஸ்திரி ஆச்சே?"

"மேஸ்திரிதான். கூலி வாங்கின கையோட சாராயக் கடைக்குப் போற மேஸ்திரி. தோட்டத்துல பயறு மட்டும்தான் விளைஞ்சுது. தினம் அதையே போட்டா பிள்ளைங்க துப்புதுங்க. உங்க வீட்டுல கிழங்கு இருக்குன்னு தெரியும். வாய்விட்டுக் கேக்க முடியுமா? பாத்திரத்தை அனுப்பினேன். உங்கம்மா புரிஞ்சுகிட்டா. இன்னி வரைக்கும் நாங்க அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல."

"அப்ப அந்தக் கறி வாசனை?"

"பழைய பன்றிக் கொழுப்பு. எங்க வீட்டுல கறி வேகுதுன்னு தெரு நம்பணுமேன்னு வாணலியில காய வைப்பேன்." நெல்டா பல்செட் ஆடச் சிரித்தாள். "இதையெல்லாம் கொண்டு போய் உன் புத்தகத்துல எழுதிடாதே. என் பேத்தி உன் காலேஜுலதான் படிக்கிறா."

திரும்பி வந்த ராய்ஸ், கதவை அறைந்து சாத்திவிட்டுக் கட்டிலருகே போய் நின்றான்.

"ஏம்மா, இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அது அவ வீட்டு விஷயம். நான் எப்படிடா சொல்ல?"

"புத்தகமே எழுதி முடிச்சுட்டேன்!"

"என்னைக் கேட்டா எழுதின? அம்மா திமிர் பிடிச்சவன்னு போட்டிருக்கே, அது இருந்துட்டுப் போகட்டும். எனக்கு ஒண்ணும் உறுத்தலை. ஆனா அவ வீட்டுல கறி வெந்துதுன்னு ஊருக்கே சொல்லி, என் பிள்ளை பட்டினி கிடந்தப்போ அவ தின்னான்னு காட்டுறியே, அதுதான் ஆகலை."

"அப்ப உண்மையையே எழுதட்டுமா?"

"அவ உயிரோட இருக்கிற வரைக்கும் மூச்சு விடக் கூடாது." வெர்டி ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தாள். "அவளும் இப்போதைக்குப் போற மாதிரி தெரியலை."

எழுதியதை வைத்தால் பொய். உண்மையை எழுதினால் நெல்டாவின் மானம் போகும். ராய்ஸ் சமையலறை நாற்காலியில் சரிந்தான். காகிதக் கட்டை இழுத்து, பதிப்பாளரை அழவைத்த பக்கங்களின் மேல் தாள் கிழிய ஒவ்வொன்றாகக் கோடு போட்டான். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும் பதிப்பாளர் இரண்டாம் முறை அழாத குறை. "காரணமாவது சொல்லுங்க சார்!" என்றார்.

"எங்கம்மா தப்புன்னு சொல்றாங்க."

"எது தப்பாம்?"

"தப்புன்னா தப்புதான்" என்று எரிந்து விழுந்துவிட்டு வைத்தான்.

உள்ளே வெர்டியின் கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

அந்தி சாயும் முன்பே வாசல் கதவு தட்டப்பட்டது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நெல்டா. மறு கையில் அந்த நீலப் பாத்திரம், துணி போட்டு மூடி, ஆவி பறக்க.

"பயறு வேக வெச்சேன். அவசரமில்ல தம்பி, பாத்திரத்தை நாளைக்குக் குடுத்தாப் போதும்."

ராய்ஸ் பாத்திரத்தைப் பார்த்தான். தன் விரல்களைப் பார்த்தான். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான்.

"அம்மா, கிழங்கு இன்னும் இருக்கா?"